பொங்கலன்று நிழல் தேடிக் கோல்கொண்டா ஏறியது

கோல்கொண்டாவை யார் கட்டினார்கள், யார் இடித்தார்கள் என்று தெரிந்துகொள்ள வந்தவர்கள் வேறு பதிவைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெயில் ஆகாத உடம்பை வைத்துக்கொண்டு, அதற்காக வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடக்கவும் மனசு ஒப்பாமல் தவிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். போனது 2012 ஜனவரியில், பொங்கலன்று. ஹைதராபாத்தில் நல்ல குளிர். குளிர்காலத்தில் வெயிலுக்கு என்ன பயம் என்று கேட்கிறவர்கள்தான் முக்கியமாகப் படிக்க வேண்டும். நானும் அப்படிக் கேட்டவள்தான்.

எனக்குச் சொந்த ஊர் பாளையங்கோட்டை. 2008இல் இங்கே வந்தோம். கணவர் கணேசனுக்கு ஜீடிமெட்லாவில் ஒரு மருந்து கம்பெனியில் வேலை. எனக்குப் பேகம்பேட்டையில் சாஃப்ட்வேர் டெஸ்டிங். சைனிக்புரியில் மாடி போர்ஷன் ஒன்று வாடகைக்குக் கிடைத்தது. எங்கள் ஊரில் வெயில் என்றால் ஓடி ஒளிவோம். குடை, ஈரத்துண்டு, ஜன்னலைச் சாத்தி வைப்பது என்று வருஷம் முழுக்க அதோடு மல்லுக்கட்டுதான். வேண்டுமென்று வெயிலில் போய் உட்கார்ந்ததாக எங்கள் வம்சத்திலேயே யாரும் கிடையாது.

இங்கே வந்த முதல் டிசம்பரில் காலையில் பல்லெல்லாம் கிடுகிடுவென்று ஆடியது. காலனியில் எல்லாரும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போவதைப் பார்த்து நானும் போனேன். அடடா! வெயில் இவ்வளவு சுகமான சமாச்சாரம் என்று யாருமே எனக்குச் சொன்னதில்லை. சனி ஞாயிறு என்றால் காபி, பேப்பர், உரிப்பதற்குப் பச்சைப் பட்டாணி எல்லாவற்றோடும் ஏறினால் மத்தியானம் சாப்பாட்டுக்குத்தான் இறங்குவேன். ஜனவரி கடைசியில் இரண்டு கன்னமும் மூக்குத் தண்டும் சிவந்து தடித்தன. பனிக்குத் தோல் வெடிக்கிறது என்று தேங்காய் எண்ணெய் தடவினேன். அப்புறம் விரல் மூட்டெல்லாம் வலி, கொத்துக் கொத்தாக முடி. பேரு லூபஸ் என்று சொன்னார்கள். நம் உடம்பைக் காக்க வேண்டிய சக்தி, நம் உடம்பையே எதிரி என்று நினைத்து அடிக்கிற நோய். வெயில் பட்டால் அது கிளம்பும்.

டாக்டரம்மா தெலுங்குக்காரர். எங்களோடு இங்கிலீஷில்தான் பேசுவார், நான் தமிழில் எழுதுகிறேன். "மே மாதம் இங்கே நாற்பதைத் தாண்டியதே, அப்போது ஏன் உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை?" என்று கேட்டார்.

"அப்ப நான் வெளியவே வரல டாக்டர். கதவைச் சாத்திட்டு கூலர் முன்னாடியே கெடந்தேன்."

அவர் சிரித்துவிட்டார். "சுட்டால்தான் வெயில் என்று நினைத்திருக்கிறீர்கள். சூடு வேறு, தோலைக் கெடுக்கிற கதிர் வேறு. குளிரில் சூடு தெரியாது, கதிர் விழுந்துகொண்டேதான் இருக்கும். நீங்களும் எழுந்து போக மாட்டீர்கள்."

நாற்பது டிகிரியில் பத்திரமாக இருந்துவிட்டு, பதினான்கு டிகிரியில் போய் மாட்டிக்கொண்டேன். இந்தத் தப்பை எங்கள் தெற்கத்திக்காரர்களைத் தவிர வேறு யாரும் செய்ய முடியாது.

இனி இந்தப் பயணத்தில் எனக்கு என்ன பயம் என்று சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மற்றது புரியும். எனக்கு ஒரு பிள்ளை வேண்டும். நோய் தொடர்ந்து ஆறு மாதம் அடங்கி இருந்தால்தான், கருவுக்கு ஆகாத ஒரு மாத்திரையை மாற்றி, பிள்ளைக்கு முயற்சி பண்ணலாம் என்பார் டாக்டர். நடுவில் ஒரு தடிப்பு கிளம்பினாலும் கணக்கு மறுபடி முதலிலிருந்து. இரண்டு தடவை கிட்டத்தில் வந்து கெட்டுப்போனது, இரண்டும் குளிர்காலத்தில். பொங்கலுக்கு ஐந்து மாதம் முடிந்திருந்தது. முப்பத்தொரு வயது ஆகிவிட்டது. ஊரிலிருந்து போன் வந்தாலே என்ன கேட்கப்போகிறார்கள் என்று தெரியும்.

அப்படி இருக்கும்போது எதற்குக் கோட்டை ஏறப் போனாய் என்று கேட்பீர்கள். டிசம்பரில் போனபோது டாக்டரே அதட்டினார். "ஆபீஸ் வண்டி, வீடு, ஆபீஸ் வண்டி, வீடு. இப்படி இருந்தால் நோய் அடங்கத்தான் செய்யும். நாளைக்குப் பிள்ளை பிறந்தால் அதையும் பூட்டி வைப்பீர்களா? பாதுகாப்போடு வெளியே போகப் பழகுங்கள். பழகாதவர்கள்தான் ஒருநாள் அவசரத்தில் அப்படியே ஓடி மாட்டிக்கொள்வார்கள்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. சூரியனுக்குப் பொங்கல் வைக்கிற நாளில் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, கேஸ் அடுப்பில் குக்கரில் வைத்து, சுவரைப் பார்த்துக் கும்பிட்டு இரண்டு வருஷம் ஓட்டியிருந்தேன். மூன்றாவது வருஷமும் அதே கூத்தா?

கணேசன் ஒத்துக்கொள்ளவில்லை. "இன்னும் ஒரு மாசம் பொறுத்துப் போனா என்னட்டி? குடியா முழுகிப் போகும்?" என்றார். சாயங்காலம் ஒலி ஒளிக் காட்சி இருக்கிறது, அதற்குப் போகலாம் என்றார். இருட்டில் பார்ப்பதற்கு எனக்குக் கோட்டை எதற்கு, எங்கள் தெருவே போதுமே என்றேன். இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. மூன்றாம் நாள் அவராகவே சன்ஸ்கிரீன் டியூபைக் கையில் வைத்து, பொடி எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தார். சம்மதம் என்று அர்த்தம்.

ஏற்பாடுகளைச் சொல்கிறேன். சன்ஸ்கிரீன், எஸ்பிஎஃப் ஐம்பது, ஐம்பது கிராம் டியூப் நானூற்றைம்பது ரூபாய். ஏ.எஸ். ராவ் நகரில் ஒரு மருந்துக் கடையில் கேட்டபோது, கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு சிவப்பழகு கிரீமை எடுத்து நீட்டினார். கறுப்பாக இருக்கிறவளுக்கு வெயில் இனிமேல் என்ன செய்துவிடப் போகிறது என்று நினைப்பு. அந்தக் கிரீமை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். கறுப்புத் தோலுக்குக் கொஞ்சம் கூடுதல் தாக்குப்பிடிப்பு உண்டு, அதற்காக அது கவசம் ஆகிவிடாது. என்ன, துத்தநாகம் கலந்த கிரீம் நம் நிறத்துக்கு விபூதி பூசின மாதிரி வெளிறித் தெரியும். தெரிந்துவிட்டுப் போகட்டும்.

முழங்கை தாண்டி வரும் துணிக் கையுறை சுல்தான் பஜாரில் ஐம்பது ரூபாய், ஸ்கூட்டி ஓட்டும் பெண்கள் போட்டுக்கொள்வது. நெருக்க நெசவுப் பருத்தித் துப்பட்டா ஒன்று, அகலமான கறுப்புக் கண்ணாடி, உள்பக்கம் கறுப்புத் துணி வைத்த குடை. துப்பட்டா நழுவாமல் இருக்க ஒரு சேஃப்டி பின்.

பொங்கலன்று காலை ஆறரைக்கு வாடகை இண்டிகா கார் வந்தது. மத்தியானம் வரைக்கும் எழுநூறு ரூபாய் பேச்சு. டிரைவர் பெயர் யாதகிரி, இந்த ஊர்க்காரர். முதலில் போனது லாலாகுடா, எங்கள் வீட்டிலிருந்து சுமார் ஒன்பது கிலோமீட்டர். அங்கே ரயில்வே குவார்ட்டர்ஸில் விஜயா அக்கா இருக்கிறார். என் ஆபீஸில் நிர்வாகப் பிரிவு. அவர் கணவருக்கு ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. முப்பாட்டன் காலத்தில் வேலூர்ப் பக்கமிருந்து வந்த குடும்பம். அக்காவின் தமிழில் பாதி இந்த ஊர்தான்.

குவார்ட்டர்ஸ் முற்றத்தில் மூன்று செங்கல் வைத்து, அக்கா விறகு அடுப்பு மூட்டியிருந்தார். பக்கத்தில் நாலைந்து தமிழ் வீடுகளிலும் புகை. ரயில்வே கட்டடங்களுக்குப் பின்னாலிருந்து சூரியன் அப்போதுதான் எழுந்துகொண்டிருந்தது. எட்டு மணிக்கு முன்னால், போர்த்திக்கொண்டு நின்றால் பரவாயில்லை என்று டாக்டரிடம் கேட்டு வைத்திருந்தேன். அப்படியும் வாசல் நிலையைத் தாண்ட எனக்குக் கால் வரவில்லை.

"கைக்கு மா இவ்ளோ டென்ஷன்?" என்றார் அக்கா. 'கைக்கு' என்றால் இந்த ஊர் உருதுவில் 'ஏன்' என்று அர்த்தம். "கண்ணு மட்டும்தான் தெரியுது உனக்கு. அதுக்கும் கூலிங் கிளாஸ் போட்டுட்டே. சூரியனுக்கே நீ யாருன்னு தெரியாது, வா."

போய் நின்றேன். பால் பொங்கி வழிந்தது. எல்லாரும் "பொங்கலோ பொங்கல்" என்று கத்தினார்கள். நானும் துப்பட்டாவுக்குள்ளிருந்து கத்தினேன். மூன்று வருஷத்துக்கு அப்புறம் நேருக்கு நேராக, மஞ்சளும் சிவப்புமாக, இவ்வளவு பெரிசாக அதைப் பார்க்கிறேன். என்னைப் படுக்கப் போட்டது இதுதான். அப்படியும் கோபம் வரவில்லை, கை தானாகக் குவிந்தது. இன்றைக்கு வரைக்கும் எனக்கு அது ஆச்சரியம்தான்.

எட்டரைக்கு, தூக்குச் சட்டியில் பொங்கலோடு, அக்காவையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். செகந்திராபாத், பேகம்பேட்டை, பஞ்சகுட்டா, மெஹ்திப்பட்டணம் வழியாகக் கோல்கொண்டா இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. சங்கராந்திக்கு ஆந்திரா பக்கத்துக்காரர்கள் எல்லாம் ஊருக்குப் போய்விடுவார்கள், சாலை துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. சாதாரண நாளில் ஒன்றரை மணி நேரம் ஆகிற வழியை முக்கால் மணியில் தாண்டினோம். திருவிழாக் கூட்டத்துக்குப் பயப்படாதீர்கள், இங்கே வருவதற்கு இதுதான் நல்ல நாள்.

கார் ஜன்னலைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கண்ணாடியை ஏற்றிவிட்டால் போதும் என்று நினைப்போம். சாதாரணக் கண்ணாடி வழியாகத் தோலைக் கெடுக்கிற கதிரில் ஒரு பங்கு உள்ளே வந்துவிடும். நான் இடது பக்க ஜன்னலில் துண்டைச் செருகுவதை யாதகிரி கண்ணாடியில் பார்த்துவிட்டு, "எண்ட லேது கதா மேடம்?" என்றார். வெயிலே இல்லையே என்கிறார். அவரும் ஸ்வெட்டர் போட்டிருந்தார், பாவம். அக்கா தெலுங்கில் ஒரு பிரசங்கமே பண்ணினார். முடிவில் அவர் வண்டியை ஓரங்கட்டி, தன் பக்கத்துக் கதவிலிருந்த வலைத் திரையைக் கழற்றி என் ஜன்னலில் மாட்டிவிட்டார். அவருடைய வலது கை கறுத்து, இடது கை வெளுத்து, இரண்டு வேறு ஆளுடைய கை மாதிரி இருந்ததை அன்றைக்குத்தான் அவரும் சேர்த்து வைத்துப் பார்த்தார். "ஹரே!" என்று ஒரே சிரிப்பு.

ஃபதே தர்வாஜா என்னும் வெளிக்கோட்டை வாசலுக்குள் கார் நுழைந்தபோது முன் கண்ணாடி வழியாக அண்ணாந்து பார்த்தேன். கூர் ஆணி அடித்த கதவு, யானை புகுந்து திரும்புகிற அகலம். அதைத் தாண்டி ஒரு ஊரே கோட்டைக்குள் குடியிருக்கிறது, டீக்கடை, டெய்லர் கடை, கோழிக்கடை எல்லாம். மொட்டை மாடிகளில் பிள்ளைகள் பட்டம் விட்டுக்கொண்டிருந்தார்கள். வானம் பூராவும் பட்டம். உள்வாசலில் டிக்கெட் ஐந்து ரூபாய்.

இறங்கும்போது ஒரு பயம் இருந்தது. பாளையங்கோட்டையில் இந்தக் கோலத்தில் தெருவில் நடந்தால் பத்து பேர் நிறுத்தி "என்னம்மா ஆச்சு மூஞ்சிக்கு?" என்று கேட்பார்கள். போன தடவை ஊருக்குப் போனபோது எனக்கு அந்த அனுபவம் ஆயிற்று, அழுதுகொண்டு திரும்பினேன். இங்கே வாசலில் பார்க்கிறேன், புர்கா போட்ட பெண்கள், கண் மட்டும் தெரிய துப்பட்டா சுற்றின ஸ்கூட்டிப் பெண்கள், மஃப்ளர் கட்டின தாத்தாக்கள். என்னை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தக் கூட்டத்தில் நான் ஒரு ஆள், அவ்வளவுதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது, நல்லவேளை கறுப்புக் கண்ணாடி.

அக்காவுக்கு மூட்டுத் தேய்மானம், மேலே ஏற முடியாது. வாசல் குவிமாடத்துக்கு அடியிலேயே உட்கார்ந்துகொண்டார். அங்கே நின்று கை தட்டினால் மலை உச்சியில் கேட்கும் என்பது இந்தக் கோட்டையின் பெயர் பெற்ற அதிசயம். நீங்கள் உச்சிக்குப் போனதும் போன் பண்ணுங்கள், தட்டுகிறேன் என்றார். இரண்டு அடி வைத்திருப்பேன், பின்னாலிருந்து ஒரு சத்தம்.

"ஏ செல்வி! நக்கோ, நக்கோ! அப்படிப் புடிக்காதே! குடை உச்சந்தலைக்கு மேல நிக்குது, வெயில் சைடுல வந்து மூஞ்சில அடிக்குது பாரு!"

குனிந்து என் நிழலைப் பார்த்தேன். குடையின் நிழல் எனக்கு நாலடி தள்ளித் தனியாகக் கிடந்தது! நம் ஊரில் நடு உச்சியில் நின்று அடிக்கிற வெயிலுக்குக் குடை பிடித்துப் பழகின கை. குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து, தாழ்வாகவே சுற்றி வருகிறது. குடையைச் சூரியன் இருக்கிற பக்கமாகச் சாய்த்து, தோளோடு அணைத்துப் பிடிக்க வேண்டும். இது ஒன்றைத் தெரிந்துகொண்டதற்கே வண்டிக்காசு சரியாகப் போயிற்று.

படிகள் முந்நூற்றுக்கு மேல். அகலமான கல் படிகள், உட்கார்ந்து உட்கார்ந்து ஏறலாம். காலையில் ஏறினால் வெயில் பெரும்பாலும் முதுகுப் பக்கம்தான், அது ஒரு வசதி. ஒவ்வொரு மதிலும் அதன் வடக்குப் பக்கத்தில் ஒரு பட்டை நிழலை விரித்து வைத்திருந்தது. அந்தப் பட்டையிலேயே ஒட்டி ஒட்டி நடந்தேன். கணேசன் எனக்கு முன்னால் போய் நிழலில் கையை நீட்டி நீட்டிப் பார்த்து, "வா, இங்க சரியா இருக்கு" என்று கூப்பிடுவார். கம்பெனியில் மருந்தைச் சோதித்துப் பழகினவர், நிழலையும் சோதிக்காமல் விடமாட்டார்.

நடுவில் அம்பர்கானா என்கிற தானியக் கிடங்கு, அதன் சுவர் நிழலில் மூச்சு வாங்கினோம். வீடு அளவு, லாரி அளவு உருண்டைப் பாறைகள். ஒன்றின் மேல் ஒன்றாக, இப்போது உருளுமோ அப்புறம் உருளுமோ என்று நிற்கின்றன. அந்தப் பாறைகளை அகற்றாமல், அவற்றையே மதிலோடு சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். எது மலை, எது மனுஷன் கட்டினது என்று கண்ணால் பிரிக்க முடியவில்லை. எந்தக் கிரேனும் இல்லாத காலத்தில் எப்படித்தான் செய்தார்களோ! நான் பார்த்த வேலை எல்லாம் ஆறு மாதத்தில் பழைய வெர்ஷன் ஆகிவிடும். இவர்கள் கட்டினது நிற்கிறது.

மேலே பாறையோரம் ஒரு கோயில் இருக்கிறது, அதைத் தாண்டினதும் உச்சிக்குக் கடைசிப் பகுதி. அங்கே மதில் கிடையாது, மரம் கிடையாது, மொட்டைப் பாறை. கணேசன் நின்றுவிட்டார். "போதும் செல்வி. இதுவே பெரிய விஷயம். எறங்கிருவோம்." என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, பாறையைப் பார்த்துச் சொன்னார். அவருக்கும் பிள்ளை ஆசை இருக்கிறது, அதை ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் சன்ஸ்கிரீனை அம்பர்கானாவில்தான் மறுபடி பூசியிருந்தேன். குடை இருக்கிறது, துணி இருக்கிறது. பாதுகாப்போடு வெளியே போகப் பழகு என்றால் இதுதானே அது? "நான் போறேன். நீங்க குடையைப் பாத்துக்கோங்க" என்று நடந்தேன். அவர் என் இடது பக்கம் வந்து, தன் உடம்பாலும் வெயிலை மறித்துக்கொண்டே ஏறினார்.

உச்சியில் பாராதரி என்று வளைவு வளைவாகத் திறந்த மண்டபம். சுவர் ஒரு ஆள் நீளத்துக்குத் தடிமன். அதன் வடக்கு வளைவில் போய் நின்றேன். எனக்கு அதைச் சொல்ல வார்த்தை சரியாக வரவில்லை. நான் நின்றது குளிர்ந்த நிழல். எதிரே கண்ணுக்கு எட்டிய தூரம் வரைக்கும் எல்லாமே வெயிலில் குளித்துக்கொண்டிருந்தன. கீழே சுல்தான்களின் கல்லறைக் குவிமாடங்கள், அதைத் தாண்டிக் குடியிருப்புகள், ஏரித் தண்ணீரின் மினுமினுப்பு, இன்னும் தூரத்தில் ஹைடெக் சிட்டியின் கண்ணாடிக் கட்டடங்கள் கண்ணைப் பறித்தன. பட்டங்கள் எனக்குக் கீழே பறந்தன! வெயில் என் முதுகுக்குப் பின்னாலிருந்து போய் அவ்வளவையும் எனக்குக் காட்டிக்கொண்டிருந்தது, என் மேல் மட்டும் படவில்லை. வெயிலைப் பார்க்க வெயிலில் நிற்க வேண்டும் என்று மூன்று வருஷமாக நினைத்து ஏங்கியிருக்கிறேன். அங்கேயே நின்று அழுதேன்.

அக்காவுக்குப் போன் போட்டோம். தட்டுவதாகச் சொன்னார். கீழே நூறு பேர் ஒரே நேரத்தில் தட்டிக்கொண்டிருந்தார்கள், உச்சி முழுக்கப் படபடவென்று கைதட்டல். இதில் அக்காவுடையது எது என்று கண்டது யார்? "கேட்டுச்சா மா?" என்றார். "கணீர்னு கேட்டுச்சுக்கா" என்றேன். "ஹவ்!" என்றார், ஆமாம் என்று அர்த்தம். அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

அப்புறம்தான் அந்தக் காரியம் நடந்தது. மண்டபத்தில் ஒரு தூணோரம் உட்கார்ந்து பொங்கல் சாப்பிட்டோம். சாப்பிடுவதற்காகத் துப்பட்டாவைத் தளர்த்தி, கையுறையைக் கழற்றியிருந்தேன். கூரைக்கு அடியில் நிழலில்தானே இருக்கிறோம் என்று நினைப்பு. குளிர் காற்று அடித்துக்கொண்டிருந்தது. பேசிக்கொண்டே இருந்ததில், இடது கழுத்தில் மெத்தென்று ஒரு இதம். நல்ல சுகமாக இருந்தது. அந்தச் சுகம் எனக்குத் தெரியும், அந்த முதல் டிசம்பரில் மொட்டை மாடியில் பட்ட சுகம். அப்படியும் எனக்கு உறைக்கவில்லை!

"செல்வி, கழுத்து!" என்று கணேசன் தட்டோடு எழுந்தார். தாழ்ந்த சூரியன் தெற்கு வளைவுக்குள் எட்டிப் பார்த்து, நகர்ந்து வந்து என் கழுத்தில் விழுந்திருந்தது. கோடையில் இப்படிக் கூரைக்கு அடியில் வெயில் வரவே வராது, குளிர்காலத்தில் உள்ளே வரைக்கும் வரும். எவ்வளவு நேரம் பட்டது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. மீதிப் பொங்கலைத் தூக்குச் சட்டியில் போட்டு மூடினோம். சுற்றிக்கொண்டு விறுவிறுவென்று இறங்கினோம். வழியில் என்ன பார்த்தேன் என்று கேட்காதீர்கள். கீழே அக்கா முகத்தைப் பார்த்ததும் விஷயம் புரிந்துகொண்டார். வீடு வரைக்கும் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார், வாயே திறக்கவில்லை. அக்கா வாய் திறக்காமல் வந்தது அன்றைக்குத்தான்.

வெயில் பட்டு உடனே தடிப்பு வரவேண்டும் என்று இல்லை, சில வாரம் கழித்தும் வரும். தினமும் காலையில் ஜன்னலோரம் நிறுத்தி, கணேசன் என் கழுத்தைப் பார்ப்பார். ஒரு வாரம் ஒன்றும் இல்லை. அடுத்த திங்கட்கிழமை காலை பார்த்தவர் கைக்கண்ணாடியை எடுத்து என்னிடம் நீட்டினார். நான் கண்ணாடியில் பார்த்தேன். காதுக்குக் கீழே ஒரு ரூபாய்க் காசு அளவுக்குச் சிவப்பு, மேலே பொடிப்பொடியாகத் தடிப்பு. ஐந்து மாதம் போச்சு. எனக்கு அந்தக் கோட்டை மேல் வந்த ஆத்திரத்தை எழுத முடியாது. என் மேல் வந்தது அதைவிட அதிகம். கணேசன் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை, பேசியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

டாக்டரம்மா லென்ஸ் வைத்துப் பார்த்தார். ரத்தமும் சிறுநீரும் எடுக்கச் சொன்னார். நடந்ததை ஒன்று விடாமல் கேட்டார். கடைசியில், "வெயில் எந்தப் பக்கம் பட்டது?" என்றார்.

"இடது பக்கம்."

"இது வலது பக்கம் அம்மா."

இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். எட்டு நாளாக இரண்டு பக்கமும் தேடிப் பார்த்தவர்களுக்கு, சிவப்பைக் கண்டதும் புத்தி பேதலித்துவிட்டது. "இங்கே என்ன உரசுகிறது?" என்றார் டாக்டர். கோட்டைக்குப் போய் வந்ததிலிருந்து ஆபீஸுக்குத் தினமும் துப்பட்டாவைச் சுற்றி, அந்த இடத்தில்தான் சேஃப்டி பின் குத்திக்கொண்டிருந்தேன். உலோகம் சிலருக்கு ஒத்துக்கொள்ளாதாம். ஆனாலும் ரிப்போர்ட் வரட்டும், இன்னும் சில வாரம் போகட்டும் என்றார்.

அந்தச் சில வாரம் எப்படிப் போயிற்று என்பதை விட்டுவிட்டு, உங்களுக்கு வேண்டியதைச் சொல்கிறேன். குளிர்காலத்தில் கோல்கொண்டா போகிறவர்கள் ஒன்பது மணிக்குக் கதவு திறந்ததும் ஏறுங்கள், பத்தரைக்குள் உச்சிக்குப் போய்ப் பதினொன்றுக்குள் இறங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் மூன்றரைக்கு மேல் போங்கள். மதில்களின் வடக்குப் பக்கமாக ஒட்டி நடங்கள். சன்ஸ்கிரீனைக் கிளம்புவதற்குக் கால் மணி முன்னால் தாராளமாகப் பூசுங்கள், முகத்துக்கும் கழுத்துக்கும் மட்டும் இரண்டு விரல் நீளம் வேண்டும், பொட்டு வைக்கிற மாதிரி வைத்தால் பிரயோஜனம் இல்லை. காது, பின்கழுத்து, தாடைக்கு அடி, புறங்கை எல்லாம் மறந்துபோகிற இடங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திரும்பப் பூச வேண்டும், வியர்க்கவில்லை என்று விட்டுவிடாதீர்கள். பின்னுக்குப் பதிலாகத் துப்பட்டாவை முடிச்சுப் போடுங்கள். என்னைப் போல நோய் இருக்கிறவர்கள் உங்கள் டாக்டரைக் கேட்காமல் ஒன்றும் செய்யாதீர்கள். குளிரில் வெயில் சுகமாக இருந்தால், உடனே எழுந்து தள்ளி உட்காருங்கள்.

பிப்ரவரி கடைசியில் மறுபடி டாக்டரிடம் போனோம். பின் குத்துவதை விட்டதும் அந்தச் சிவப்பு தானாக மறைந்திருந்தது. வேறு எங்கும் ஒன்றும் இல்லை. ரிப்போர்ட் எல்லாம் சுத்தம். ஆறு மாதம் தாண்டிவிட்டது. டாக்டரம்மா பழைய மாத்திரையை அடித்துவிட்டு வேறு ஒன்று எழுதினார். "இது ஒத்துக்கொள்கிறதா என்று சில மாதம் பார்ப்போம். அப்புறம் உங்கள் இஷ்டம்" என்று சிரித்தார்.

எனக்குச் சந்தோஷத்தில் என்ன பேசுகிறேன் என்றே தெரியவில்லை. இத்தனை நாள் யாரிடமும் கேட்காமல் உள்ளேயே வைத்திருந்தது வாயில் வந்துவிட்டது. "டாக்டர், பொறந்த பிள்ளையைக் காலையில இளவெயில்ல காட்டணும்னு சொல்வாங்களே. எம் பிள்ளையை நான் எப்படிக் காட்டுவேன்?"

டாக்டர் பதில் சொல்வதற்கு முன்னால் கணேசன் தமிழில் சொன்னார். டாக்டருக்குப் புரியாது, எனக்குத்தான் சொன்னார்.

"நான் காட்டுதேன். நீ நெழல்ல நின்னு பாரு."